நெல்லுக்கு ஒதுங்கிய பஸ்

பிரேக் சத்தம் அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் ஊரில் எதுவுமே கேட்கவில்லை. என்ஜின்கூட நின்றுபோயிருந்தது. ரப்பர் கருகிய வாடையும், ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த புது நெல்லின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின.

நான் பின்படியிலிருந்து குதித்து முன்பக்கம் ஓடினேன்.

பம்பருக்கு எதிரே, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். விழுந்து கிடந்தவள் மாதிரியே இல்லை. சோறு போடக் கூப்பிட்டு உட்கார வைத்தது போல, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டாக உடைந்த சிலேட்டு. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்துகொண்டிருந்தது. அழவில்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களை உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் செல்வி. இரண்டாம் வகுப்பு. ஏரிக்கரையோரம் இருந்த இருளர் குடிசைகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள்.

நடந்தது இதுதான். ரோட்டின் இடதுபாதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஏறிவிடாதபடி அதைச் சுற்றிப் பெரிய பெரிய கற்கள். அதனால் பிள்ளைகள் வலதுபக்கம் நடந்தார்கள். அதே நெல்லுக்காக எங்கள் பஸ்ஸும் வலதுபக்கம் வந்தது. ஆரன் அடித்ததும் பிள்ளைகள் சிதறி ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். செல்வியும் இறங்கினாள். ஆனால் கையிலிருந்த சிலேட்டு ரோட்டில் விழுந்துவிட்டது. அதை எடுக்கத் திரும்பி வந்தாள்.

நெல்லுக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் கற்களைத் தாண்டி ஓடி வந்தார். பிள்ளையின் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"யோவ் டைவரு! அந்தாண்ட எம்மாம் எடம் கீது! நெல்லு மேல ஏத்திக்கினு போவக் கூடாதா? நெல்லு பெருசா, எம் பொண்ணு பெருசா? சொல்லுய்யா!"

அவர்தான் பச்சையம்மா, செல்வியின் அம்மா. டிரைவர் துரைக்கண்ணு அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். 

தார் வந்த பிறகு

இது எழுபதுகளின் கடைசியா, எண்பது பிறந்துவிட்டதா என்று துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடங்களில் சத்துணவு இன்னும் வந்திருக்கவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். உத்திரமேரூரில் புறப்பட்டு, திருப்புலிவனம் தாண்டி, ரோடுகள் பிரிகிற கூட்ரோட்டில் திரும்பி ஒரு சின்ன ஊருக்குள் போய் நிற்போம். அரைமணி நேரம் வண்டி ஆறும். நாங்கள் டீ குடிப்போம். பிறகு வந்த வழியே திரும்புவோம்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "எங்க ஊர்ல அப்படி நடக்கவே இல்ல" என்று பாதிப்பேரும், "அந்த நெல்லு எங்களுது" என்று மீதிப்பேரும் கிளம்பி வருவார்கள்.

பள்ளிக்கூடம் இருந்தது கூட்ரோட்டில். ஊரிலிருந்து பிள்ளைகள் அங்கே நடந்துதான் போகவேண்டும். முன்பெல்லாம் அது செம்மண் பாதை. மழை பெய்தால் வண்டிமாடே முழங்கால்வரை புதையும். தார் போட்ட அன்றைக்கு ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்ததாம். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் நடந்து பார்த்துவிட்டு, "நம்ம வூட்டுத் தரைகூட இப்படி இல்லியேடா" என்றாராம். இப்படி ஜனங்கள் போகிற போக்கில் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டு வருவது எனக்குப் பழக்கம். டிக்கெட் கொடுக்கிறவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

தார் ரோடு வந்ததும் முதலில் அதைப் பயன்படுத்திக்கொண்டது வண்டிகள் அல்ல, நெல்தான். சாணி மெழுகிய களத்தில் மூன்று நாள் காயவேண்டிய நெல், தாரின் சூட்டில் சீக்கிரமே காய்ந்தது. அறுவடை முடிந்தால் ஊர் எல்லையில் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு தூரம் வரைக்கும் ஒருபாதி ரோடு மஞ்சளாகிவிடும். ஒவ்வொருவர் நெல்லுக்கும் நடுவில் ஒரு கல்தான் எல்லை.

நான் பள்ளிக்கூடம் போனது அதிக காலம் இல்லை. போன காலத்தில் எனக்கும் பயங்கள் இருந்தன. ஏரி மதகுக்குப் பக்கத்தில் சுழல். பனைமரத்தடிப் புதரில் பாம்பு. ஒரு வீட்டு வாசலில் முட்டுகிற காளை. ஆனால் அந்தப் பயங்கள் எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருந்தன. நாம் சுற்றிக்கொண்டு போனால் தீர்ந்தது. தார் ரோட்டின் பயம் அப்படியில்லை. அது நம்மைத் தேடிப் பின்னாலிருந்து வரும்.

பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. "சாலையில் எப்போதும் இடதுபக்கம் செல்லவேண்டும்" என்று ஹெட்மாஸ்டர் ராகம் போட்டுச் சொல்ல, பிள்ளைகள் அதே ராகத்தில் திருப்பிச் சொல்வார்கள். ஒருநாள் ஒரு வாண்டு எழுந்து, "சார், இடதுபக்கம் நெல்லு கீது சார்" என்றிருக்கிறது. "அப்படின்னா ஓரமாப் போ" என்றாராம். "ஓரத்துல முள்ளு கீது சார்." ஹெட்மாஸ்டர் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்.

நெல்லு ஓடாது

அன்றைக்கு அடுத்த ட்ரிப்பில் ஊருக்குத் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினோம். துரைக்கண்ணு அண்ணன் டீயைக் கையில் வாங்கிக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. ஆடை படிந்துவிட்டது. அவர் எனக்கு ஒரு பதினைந்து வயது மூத்தவர். லாரி ஓட்டி, பிறகு பஸ்ஸுக்கு வந்தவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பெருமை உண்டு.

நான் மெதுவாகக் கேட்டேன். "ஏண்ணே, அந்தம்மா கேட்டதுல இன்னா தப்பு? நெல்லு மேல ஏத்தியிருந்தா இன்னா?"

"அதத்தான் நானும் யோசிச்சிக்கினு கீறேன்" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நெல்லு ஓடாது தம்பி" என்றார்.

"இன்னாண்ணே சொல்ற?"

"நெல்லு ஓடாது. ஆரன் அடிச்சாலும் ஒதுங்காது. அதால நாமதான் ஒதுங்கணும். புள்ள அப்பிடி இல்ல. ஆரன் அடிச்சா ஓடும். ஓடும்னு வெச்சிக்கினுதான் வண்டியே ஓட்றோம். இத்தினி வருசமா ஓடிச்சி. இன்னிக்கு ஒண்ணு திரும்பி வந்துட்ச்சி."

"அதுக்கில்லண்ணே, நெல்லு மேல ஏத்தினா ஊரு சும்மா வுடுமா? அதுவும் ஒரு பயம்தான?"

"அதுவுந்தான். அரிசி நொய்யாப் பூட்ச்சின்னு வண்டியவே மறிச்சிப்புடுவாங்க. புள்ள ஓரமா ஓடினா ஆரு மறிக்கப் போறாங்க? தெனம் ஓடுது, தெனம் மறந்து பூடுது."

அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. படியில் நின்றபடி, பஸ் எதற்கெல்லாம் ஒதுங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ரோட்டோரம் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலுக்கு ஒதுங்கியது. அச்சு முறிந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கியது. தூங்குகிற நாய்க்கு ஒதுங்கியது. நடந்து போகிற நாய்க்கு ஆரன் அடித்தது. தலையில் புல்லுக்கட்டோடு போன பெண்ணுக்கு ஆரன் அடித்தது. அதே பெண் கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒதுங்கியது.

நகர முடியாததற்கெல்லாம் பஸ் வழி விட்டது. கால் இருக்கிற எல்லாவற்றையும், நீ நகர்ந்துகொள் என்றது. திருப்புலிவனம் நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "டிக்கெட்ட குடுப்பா மொதல்ல" என்றார்.

உசுரோட இருந்தா போதும்

செல்வி அன்றோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது அவள் அப்பா மாரி. கூலி வேலைக்குப் போகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசியது இவ்வளவுதான்: "படிச்சி இன்னா ஆவப் போறா? உசுரோட இருந்தா போதும் எனக்கு."

இதை என்னிடம் சொன்னது பச்சையம்மா. பஸ் ஊரில் நிற்கும்போது நெல் ஓரத்திலிருந்து வந்து சொன்னார்.

"அந்த ஆளு கெட்டவன் இல்ல கண்டக்டரே. பயந்துட்டான். ராவுல தூக்கத்துல பொண்ணு காலத் தொட்டுத் தொட்டுப் பாக்கறான். நான் இன்னா சொல்றது?"

"நீ இன்னா நெனைக்கிற?"

"அது எழுத்து படிக்குது. உம் பஸ்ஸு மேல எழுதிக்கினு கீறதெல்லாம் சொல்லுது. நாங்கல்லாம் 'இது எங்க போவுது, இது எங்க போவுது'ன்னு கேட்டுக் கேட்டுத்தான் ஏறுவோம். எங்க ஜனத்துல கேக்காம ஏறப் போறது அது ஒண்ணுதான். அத ஆடு மேய்க்க அனுப்பச் சொல்றியா?"

விசில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

பச்சையம்மா அப்போது வேலை செய்தது ரங்கநாயகி அம்மாளின் நெல்லில். அந்த ரோட்டிலேயே நீளமான நெல் அவருடையதுதான். நெல் காயும்போது அதைத் துழாவிவிட வேண்டும். மேலே காய்ந்தது கீழே போகவேண்டும், கீழே ஈரமாக இருப்பது மேலே வரவேண்டும். அதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். வெறுங்காலை எடுத்து வைக்காமல் தேய்த்துக்கொண்டே நெல்லுக்குள் நடப்பார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. உழுத வயல் மாதிரி பின்னால் கோடு விழும். பிறகு பக்கத்தில் இன்னொரு கோடு. ஒருநாளைக்குப் பலமுறை.

பெண்ணைக் குடிசையில் தனியாக விடமுடியாமல் பச்சையம்மா கூடவே அழைத்து வந்தார். செல்வி சும்மா இருப்பாளா? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அம்மா செய்வதைப் போலவே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

ஒருநாள் காலை பஸ் அந்த வழியாகப் போயிற்று. வலதுபக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வழக்கம்போல ஆரன். வழக்கம்போலக் கோழிக்குஞ்சுகள் மாதிரி பள்ளத்தில் இறங்கினார்கள். இடதுபக்கம், கற்களுக்கு உள்ளே, நெல்லுக்கு நடுவில் செல்வி நடந்துகொண்டிருந்தாள். பஸ் அவளைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"பாத்தியா?" என்றார் துரைக்கண்ணு அண்ணன், முன்னால் பார்த்தபடியே. "அந்தப் பொண்ணுக்கு நான் ஆரனே அடிக்கல."

அந்த எண்ணம் முதலில் யாருக்கு வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. துரைக்கண்ணு அண்ணன் தனக்குத்தான் என்பார். பச்சையம்மா, "கண்டக்டருதான் சொன்னாரு" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பச்சையம்மா சொல்லித்தான் கேட்டேன். ஒருவேளை செல்விக்கே வந்திருக்கலாம். "யம்மா, இப்படியே போனா பள்ளிக்கோடம் வந்துடுமே" என்று அவள் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு.

ரங்கநாயகி அம்மாளின் நெல்

ரங்கநாயகி அம்மாள் கறுப்புக் குடையின்கீழ் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் நீளமான மூங்கில் குச்சி. ஆடு வந்தாலும் காக்கா வந்தாலும் குச்சியின் நுனி மட்டும் அசையும். வாய் மட்டும் ஓயாது. செல்வி பஸ் முன்னால் உட்கார்ந்திருந்த அன்றைக்கு இவரும்தான் ஓடி வந்தார். முதலில் குழந்தையைப் பார்த்தார், அப்புறம்தான் நெல்லைப் பார்த்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பஸ் நின்றிருந்த நேரத்தில் பச்சையம்மா போய்க் கேட்டார். நானும் டீ டம்ளரோடு பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"யம்மா, பள்ளிக்கோடம் போற புள்ளைங்க நெல்லுக்குள்ளயே நடந்து போவட்டும்மா. கால தேச்சிக்கினே போவச் சொல்றேன். காலைல மொதத் தொளாவல் ஆன மாதிரி ஆச்சி. அதுங்களும் பத்திரமாப் பூடும்."

"இன்னாடி பச்சை, வெளாட்றியா?" ரங்கநாயகி அம்மாளின் குச்சி நின்றது. "அதுங்க நடக்குமா, குதிக்குமா? நெல்ல எத்தி எத்தி அடிச்சிக்கினு போவும். பாதி நெல்லு பள்ளத்துல கெடக்கும். நான் அரிசி திங்கறதா, மண்ணத் திங்கறதா?"

"நானு பாத்துக்கறேம்மா."

"நீ எங்கடி பாப்ப? இந்த நெல்லு முட்டும் பாப்ப. அதுக்கு அந்தாண்ட கன்னியப்பன் நெல்லு. அவன் வுடுவானா?"

டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரென்று சொல்லவேண்டாம். "நெல்லு சாப்புட்ற பொருளு, அக்கா. ஏரிக்கர புள்ளைங்கள்லாம் அதுல காலு வெச்சா நல்லாவா இருக்கும்?"

பச்சையம்மா திரும்பினார். கோபமாகப் பேசவில்லை, கணக்குக் கேட்கிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

"நாத்து நட்டது எங் காலு. அறுத்தது எங் கையி. கட்டு தூக்கியாந்து அடிச்சி, தூத்தி, மூட்டையாக்கினு வந்து ரோட்ல கொட்டினது நாங்கோ. காலைலருந்து இதுல தேச்சிக்கினு கீறது இன்னா, உங் காலா? எம் பொண்ணு காலு பட்டாத்தான் கெட்டுப் பூடுமா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தக் குரல் மறுபடி எழுந்தது. ரங்கநாயகி அம்மாள் குச்சியை அந்தப் பக்கம் நீட்டினார்.

"நீ சும்மா கெட. நெல்லு என்து."

பிறகு பச்சையம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. முதல் துழாவலுக்கு ஓர் ஆள் குறையும் என்று நினைத்திருக்கலாம். பம்பருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையை நினைத்திருக்கலாம். இரண்டுமாகவும் இருக்கலாம். மனிதர்கள் ஒரு காரியத்தை ஒரே காரணத்துக்காகச் செய்து நான் பார்த்ததில்லை.

"ஏரிக்கரலருந்து சேத்துக் காலோட வருங்க. மொதல்ல காலத் தொடச்சிக்கினு எறங்கச் சொல்லு. குதிச்சா நான் குச்சியாலதான் பேசுவேன், ஆமா. கன்னியப்பன்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவன் பொண்ணும்தான அந்தப் பள்ளிக்கோடத்துக்குப் போவுது."

மாரிதான் கடைசி. அவருடையதும் முழுச் சம்மதம் இல்லை. "நெல்லு கீற வரிக்கும் போவட்டும்" என்றாராம். "நெல்ல வாரினா நின்னுடணும். அப்பறம் எங்கிட்ட அழக்கூடாது."

சொணையும் குருவியும்

மறுநாளிலிருந்து அந்த ரோட்டில் ஒரு காட்சி. நெல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கோணிச் சாக்கு விரித்திருக்கும். பிள்ளைகள் வரிசையில் நின்று காலைத் துடைப்பார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக நெல்லில் இறங்கி, சர்ர் சர்ர் என்று தேய்த்துக்கொண்டு போவார்கள். பத்துப் பிள்ளைகள் போனால் பத்துக் கோடு. ஒருவன் கோட்டில் இன்னொருவன் நடக்கக்கூடாது என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். யார் கோடு நேராக இருக்கிறது என்று சண்டை வேறு.

குதித்தவர்களும் உண்டு. குச்சியும் பேசியது.

நாங்கள் பஸ்ஸில் தாண்டிப் போகும்போது அந்த மஞ்சளுக்கு நடுவில் தலைகள் வரிசையாகத் தெரியும். துரைக்கண்ணு அண்ணன் வலதுபக்கம் முழுசாக ஒதுங்கி, கல்லில் டயர் படாமல் ஓட்டுவார். ஆரனின் ரப்பர் உருண்டையை அந்த இடத்தில் தொடுவதே இல்லை. எதிரே லாரி வந்தால் நின்று வழிவிடுவார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நெல்லில் சொணை உண்டே! பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் கணுக்காலைச் சொறிய ஆரம்பித்தால் மத்தியானம் வரைக்கும் ஓயவில்லை. "கடவுள் வாழ்த்து பாடறப்ப ஒரு கையி கும்புட்றது, ஒரு கையி சொறியறது, இன்னா பேஜாருப்பா இது" என்று ஹெட்மாஸ்டர் என் பஸ்ஸிலேயே புலம்பிக்கொண்டு வந்தார். தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு வகுப்புக்குள் வரச் சொன்னார். கழுவினாலும் விரலிடுக்கில் ஒட்டிய நெல்மணிகள் பெஞ்சடியில் உதிர்ந்தன. அதைப் பொறுக்கச் சிட்டுக்குருவிகள் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டன. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பிள்ளைகள் குருவியைப் பார்த்தார்கள். அந்தப் பருவத்தில் யாருக்கும் கணக்கு ஒழுங்காக வரவில்லை என்பது ஹெட்மாஸ்டரின் தீர்ப்பு.

மாரி தினமும் ஏரிக்கரைமேல் நின்று பார்ப்பார். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறவரை நின்றுவிட்டு வேலைக்குப் போவார். வேலைக்கு நேரமானாலும் நிற்பார்.

பச்சையம்மாவுக்குத்தான் நிம்மதி இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் நெல்லைக் கையில் அள்ளி, ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மற்றவர்கள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். இவருக்கு அது கேட்கவே கூடாது.

"இன்னும் கொஞ்சம் ஈரம் கீதும்மா" என்று ரங்கநாயகி அம்மாளிடம் சொல்வாராம்.

அவர் தானும் ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உன் பல்லுலதான்டி ஈரம்" என்பாராம்.

வெறும் ரோடு

கடைசியில் நெல்லை வாரிவிட்டார்கள். மூட்டைகள் வண்டியேறின. குடையும் முக்காலியும் வீட்டுக்குப் போயின. கற்களை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். இருட்டில் சைக்கிளில் வருகிறவர்கள் மோதி விழுவார்கள். துரைக்கண்ணு அண்ணன் கத்திக் கத்தி அவற்றையும் பள்ளத்துக்குத் தள்ள வைத்தார். ரோடு கறுப்பாக, மொட்டையாகக் கிடந்தது. நடுவில் யாரும் கோடு கிழிக்காத அந்த ரோட்டில் எது பஸ்ஸின் பாதி, எது பிள்ளைகளின் பாதி என்று சொல்ல இப்போது ஒன்றுமில்லை.

அன்று காலை வண்டி ஊரில் நின்றபோது பச்சையம்மா வந்தார். தலைகூட வாரியிருக்கவில்லை.

"ராத்திரி பூரா சண்ட கண்டக்டரே. பேசினது பேசினதுதான்ங்கறான். நான் அவன் வேலைக்குப் போவறதுக்கு முன்னாலயே பொண்ண அனுப்பிட்டேன். முன்னால போயிக்கினு கீது. அவன் மம்டியத் தூக்கிக்கினு பின்னாலயே போயிருக்கான்."

இதை அவர் என்னிடம் சொன்னாலும், பார்த்தது துரைக்கண்ணு அண்ணனைத்தான். அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் நான் முன்படிக்குப் போய் நின்றுகொண்டேன். தூரத்தில் பிள்ளைகள் தெரிந்தார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை, என்னவோ வித்தியாசமாக இருந்தது. பக்கத்தில் போகப் போகத்தான் தெரிந்தது.

வலதுபக்கம் யாருமே இல்லை. எல்லாரும் இடது ஓரத்தில், நெல் கிடந்த இடத்தில், ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். காலைத் தூக்கி வைக்கவில்லை. வெறும் தாரின்மேல் தேய்த்துக்கொண்டே போனார்கள். சர்ர் சர்ர். மூன்றாவதாகச் செல்வி. அவளும் தேய்த்துக்கொண்டுதான் போனாள். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, முள் ஓரமாக, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாரி.

நான் ஆரன் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வண்டியின் வேகம் குறைந்தது. ஸ்டியரிங் வலதுபக்கம் திரும்பியது. ஒரு நெல்மணிகூட இல்லாத ரோட்டில், இல்லாத கற்களுக்கு ஒதுங்கி, பஸ் முழுசாக அந்தப் பக்கம் போய் ஊர்ந்து தாண்டியது. ஒரு பிள்ளையும் பள்ளத்தில் இறங்கவில்லை.

"இன்னாண்ணே?" என்றேன்.

"இன்னா இன்னாண்ணே? இத்தினி நாளு இப்பிடித்தான போனோம். கையி அதுவா திரும்புது."

அப்போது பஸ்ஸின் பக்கவாட்டில் யாரோ தட்டினார்கள். வண்டி நின்றது. மாரி ஓடி வந்திருந்தார். ஏறவில்லை. கீழேயே நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கும் இவுருதான் ஓட்டுவாரா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. எங்களுடையது முதலாளி வண்டி. நாளைக்கு யார் எந்த வண்டியில் போகவேண்டும் என்பது இன்றைக்கு ராத்திரிதான் தெரியும். துரைக்கண்ணு அண்ணனைச் செங்கல்பட்டு லைனுக்கு மாற்றப் போவதாக ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். மாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரைக்கண்ணு அண்ணன் சீட்டிலிருந்தே படிப்பக்கம் தலையை நீட்டினார்.

"எனக்குத் தெரியாதுப்பா. ஆனா நான் மாறினேன்னா, வர்றவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வண்டியக் குடுப்பேன்."

"இன்னான்னு சொல்லுவ?"

"இங்க நெல்லு காயுது, ஒதுங்கிப் போன்னு."

"அதான் வாரியாச்சே."

"வாரினது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புதுசா வர்றவனுக்கு இன்னா தெரியும்? காலைல பள்ளிக்கோட நேரத்துல இங்க நெல்லு காயும்னு சொல்லுவேன். மாசம் பன்னெண்டும் காயும்னு சொல்லுவேன்."

மாரி ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் பஸ்ஸைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் செல்வி எது என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"சரி, போவட்டும்" என்றார்.

வரப்பில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு நடந்தார்.